இரண்டு கையும் தொடைக்குக் கீழே

என்னை நம்பி எதையும் தொடவிடக் கூடாது என்று என் மனைவி கமலம் சொல்லத் தொடங்கி நாற்பது வருடம் ஆகிறது. முப்பத்தாறு வருடம் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மட்டக்களப்பு வாவிக்கு மேலே ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் வைத்து ஒப்புக்கொண்டேன். (கீழே இறங்கியதும் மறுபடி மறுத்துவிட்டேன். இந்தக் கதையில் வெட்கக்கேடான பகுதி அதுதான். அது பிறகு வரும்.)

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். ஆளின் கனம் தெரியாவிட்டால் விழுந்த சத்தம் விளங்காது.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படித்திருந்தால் இவ்வளவு முன்னேறியிருக்க மாட்டேன். ஆரையம்பதியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஐஸ் பெக்டரி என்னுடையது. சைக்கிள் கரியரில் சாக்கும் மரத்தூளும் சுற்றிய ஐஸ் கட்டியோடு தொடங்கியவன் நான். வெயிலில் அது உருகி முதுகெல்லாம் நனைய நனைய மிதித்தேன். இன்றைக்குக் காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை ஒரு மீன் நாறாமல் சந்தைக்குப் போகிறதென்றால் அதற்குப் பின்னால் நான் நிற்கிறேன். எனக்குக் குளிரும் தெரியாது. ஐஸ் அறைக்குள் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது நான் பெனியனோடு நின்று கணக்கப்பிள்ளையிடம் ஊர்க்கதை கேட்பேன். ஐஸைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஒரு ஆள் இனித்தான் பிறக்க வேண்டும் என்பதை நான் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எது வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே தள்ளுவேன். எது திறந்து கிடந்தாலும் மூடுவேன். பெக்டரியில் ஒரு குழாய் ஒழுகினால், ஒரு வால்வு திறந்து கிடந்தால், அன்றைய ஐஸ் அவ்வளவுதான். ஆகவே நடக்கும்போதே கை தானாகப் போய் மூடிவிடும். பெக்டரியில் இதற்குப் பெயர் முதலாளியின் கவனம். வீட்டில் வேறு பெயர். இடியப்பம் பாதி அவிந்திருக்கும்போது நான் அந்தப் பக்கமாக நடந்துபோய் அடுப்பை அணைத்த நாட்கள் பல. யார் அணைத்தது என்று கமலம் கேட்பதே இல்லை.

என் இளைய மகள் தர்சினி விமானம் ஓட்டப் படித்தவள். கொழும்புப் பக்கத்தில் ஒரு பறப்புப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தாள். அனுமதிப் பத்திரம் கிடைத்த பிறகும் இத்தனை மணித்தியாலம் பறந்து காட்டினால்தான் வேலை என்றார்கள். அந்தப் பள்ளியின் பெரிய ஆசிரியரை அவர்கள் 'பெரிய சேர்' என்று சொல்வார்கள். அவர் எளிதில் யாரையும் நம்பாத மனிதர். அப்படிப்பட்டவர் ஒருநாள், "மட்டக்களப்புக்குத் தனியே கொண்டுபோ, ஒரு இரவு நிறுத்தி, மறுநாள் கொண்டுவா" என்று சொல்லி இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சின்னப் பிளேனை அவளிடம் கொடுத்தார். அப்படித் தனியே ஒப்படைத்தது அதுவே முதல் தடவை.

"இது சரியா நடந்தாத்தான் அப்பா, அடுத்தது" என்று போனில் சொன்னாள். "ஒரு சின்னப் பிழையும் வரக் கூடா."

"பிழையா? நீ ஆர்ர மகள்?" என்றேன்.

பத்துக் கடிதம் எழுதி, பத்து இடத்தில் கையெழுத்து வாங்கி, என்னையும் ஒரு தடவை ஏற்றிப் பறப்பதற்கு அவள் அனுமதி எடுத்திருந்தாள். நான் செய்த முதல் வேலை, ஊரெல்லாம் சொன்னது. பெக்டரி முற்றத்தில் தொழிலாளர்களை நிற்கச் சொன்னேன். என்னிடம் ஐஸ் எடுக்கும் காத்தான்குடி மீன் வியாபாரி ஹனிபா என் முப்பது வருடக் கூட்டாளி. அவனையும் அங்கே வரச் சொன்னேன். பழுகாமத்து வட்டையில் வயல் செய்யும் மச்சான் கணேசனுக்குச் சொன்னேன். மண்டூரிலிருக்கும் என் அக்கா பாக்கியத்தை வாவிக்கரைப் படகுத்துறைக்கு வந்து நிற்கச் சொன்னேன்.

"பத்து மணிக்கு எல்லாரும் மேல பாருங்க" என்றேன். "நான் கை காட்டுவன்."

ஹனிபா மட்டும் கேட்டான். "மச்சான், உனக்குப் பயமில்லையா?"

"பயமா? எனக்கா?"

அன்று காலை எனக்குப் புட்டு இறங்கவில்லை.

விமான நிலையத்தில் அந்தப் பிளேனைக் கண்டேன். எங்கள் லொறியின் கதவு அதைவிடக் கனம். தர்சினி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தட்டி, குனிந்து, எண்ணெயை ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு இவ்வளவு பார்க்கிறாள், ஏதும் கழன்றிருக்கிறதோ என்று நான் அவளுக்குப் பின்னாலேயே சுற்றினேன். பிறகு என்னை வலப்பக்கம் இருத்தி, பட்டியை இறுக்கினாள்.

"அப்பா, ஒண்டையும் தொடாதீங்க."

"நான் என்ன சின்னப்புள்ளயா?"

"சின்னப்புள்ள எண்டாச் சொன்னாக் கேக்கும்."

எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு குமிழ்கள் இருந்தன. பெரியது எஞ்சினின் வேகத்துக்கு. அதன் பக்கத்தில் சின்னதாய் ஒன்று.

"இது என்ன மகள்?"

"அது எஞ்சினுக்குச் சூட்டுக் காத்து குடுக்கிறது. வேகத்தைக் குறைக்கக்குள்ள வெளிய இழுத்து விடணும்."

"இந்த ஊர் வெயிலுக்கு, சூட்டுக் காத்து?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் திருப்பி எடுத்துக்கொள்ள ஆசை.

மேலே எழும்பினோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கண்ணை மூடியிருந்தவன் என்னத்தைச் சொல்வது. திறந்தபோது வாவி கீழே தகடு போலக் கிடந்தது. முதல் நாள் முழுக்க மழை. காற்றே நனைந்திருந்தது. வானம் சாம்பல் நிறம், ஆனால் புழுக்கம். என் புதுச் சேட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது. (பயத்தில் வேர்த்தது என்று கமலம் சொல்வாள். இல்லை, புழுக்கம்.)

ஆரையம்பதி வந்தது. என் பெக்டரியின் தகரக் கூரையைக் கண்டேன். முற்றத்தில் எறும்பு போல ஆட்கள்.

"மெதுவாப் போ மகள். சனம் என்னைப் பாக்கட்டும்."

"மெதுவா எண்டா அவ்வளவு மெதுவாப் போகேலா அப்பா."

"கொஞ்சம் குறை. ஹனிபா நிக்கிறான்."

அவள் சின்னக் குமிழை வெளியே இழுத்தாள். பெரியதைக் குறைத்தாள். எஞ்சின் சத்தம் தணிந்தது. நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கை காட்டினேன். பிறகு அவள் தெற்கே போவதற்காக இடப்பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கத்தையே பார்த்தபடி, காதில் மாட்டிய கருவியில் கீழே இருப்பவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

நடுவில் அந்தச் சின்னக் குமிழ், இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

என் கை போனது. நான் அனுப்பவில்லை. சத்தியமாக நான் அனுப்பவில்லை. ஐம்பது வருடம் வால்வு மூடிய கை, மகள் மறந்துபோய்த் திறந்து விட்டுவிட்டாள் என்று தானே முடிவெடுத்து, மெல்ல அதை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பி வந்து மடியில் இருந்துகொண்டது. எஞ்சின் சத்தம்கூட ஒரு துளி தெளிந்த மாதிரி இருந்தது. பார்த்தாயா, நாலாம் வகுப்பு படித்தவனுக்குத் தெரிகிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

களுவாஞ்சிக்குடி தாண்டும்போது சத்தம் மாறியது. பெரிதாக ஒன்றுமில்லை. நன்றாகப் பாடுகிறவன் தொண்டை கட்டிப் பாடுவது போல. எஞ்சின் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான், பெக்டரியில் கொம்பிரசர் ஒரு துடிப்புத் தவறினால் நித்திரையிலிருந்து எழும்புகிறவன். தர்சினியும் கேட்டிருக்க வேண்டும். பெரிய குமிழைக் கொஞ்சம் கூட்டினாள். தொண்டை திறந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும், மறுபடி கட்டியது. மறுபடி கூட்டினாள். பிறகு கால் வைத்திருந்த தரை அதிரத் தொடங்கியது.

"என்ன மகள் அது?"

அவள் கண் முன்னாலிருந்த மானிகளில் ஒவ்வொரு முள்ளாகப் போனது. கடைசியில் அந்தச் சின்னக் குமிழில் வந்து நின்றது. அவள் முகத்தில் ஒரு குழப்பம். பயம் இல்லை அது. வாசலைப் பூட்டிவிட்டு வந்தவள் திரும்பிப் பார்க்கும்போது கதவு திறந்து கிடப்பதைக் கண்டால் வருமே, அந்தக் குழப்பம்.

"எஞ்சின்ட காபரேட்டருக்குள்ள ஐஸ் பிடிச்சிட்டு" என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு தகப்பன் கடவுளைக் கூப்பிட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இந்த வெக்கையில ஐஸா? ஐஸ் எப்பிடிப் பிடிக்கும் எண்டு எனக்கிட்டயே சொல்றியா?"

"பிடிக்கும் அப்பா. ஈரக் காத்து, குறைஞ்ச வேகம். பெற்றோல் ஆவியாகக்குள்ள குளிரும்."

அது எனக்குத் தெரிந்த விசயம்தான். என் கொம்பிரசரும் அதே தந்திரத்தில்தான் வேலை செய்கிறது. உள்ளே ஒன்று ஆவியாகி வெளியே குழாயைக் குளிரவைக்கிறது. ஆனால் மகளிடம் ஒப்புக்கொள்வதற்கு அப்போது நேரமில்லை. அவள் சின்னக் குமிழை முழுதாக வெளியே இழுத்தாள்.

எஞ்சின் செத்தது.

செத்தது என்று நான் நினைத்தேன். அது இருமியது, துப்பியது, குலுங்கியது. பிளேன் முழுதும் அடைமழையில் நனைந்த நாய் போல உதறியது. பல் தானாக அடித்துக்கொண்டது. அவள் அந்தக் குமிழை இழுத்ததும் இப்படி ஆனது, ஆகவே அந்தக் குமிழ்தான் எஞ்சினைக் கொல்கிறது. கணக்கு அவ்வளவு சுத்தமாக எனக்குத் தோன்றியது.

"விடு, விடு, அது எஞ்சினக் கொல்லுது" என்று கத்திக்கொண்டு அதை உள்ளே தள்ளினேன்.

என் புறங்கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. என் மகள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். குமிழை மறுபடி வெளியே இழுத்து, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பா. ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வைங்க."

"மகள்…"

"வைங்க."

வைத்தேன். அவள் குரல் உயரவில்லை. கமலம் கோபத்தின் உச்சியில் இருக்கும்போது வரும் குரல் அது. அதைக் கேட்டால் நான் எங்கும் நிற்பேன், ஆகாயத்தில் உட்பட.

எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது. நாங்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம். கீழே வாவி பெருத்துக்கொண்டு வந்தது. மீன்பிடித் தோணி ஒன்றில் வலை இழுப்பவனின் தலைப்பாகை தெரிந்தது. எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் பட்டி இறுக்கிய கதிரையோடு நீந்திய அனுபவம் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று நெஞ்சுக்குள் இருந்தது. பெக்டரிக்கு மேலே அவள் குமிழை இழுத்ததை நான் கண்டேன். அதை உள்ளே தள்ளியது என் கை. அது அவளுக்குத் தெரியாது.

"சரிவராட்டி வலப்பக்கம் அந்த வட்டையில இறக்குவன்" என்றாள்.

"அது கணேசன்ட வட்டை. கதிர் வாற நேரம். அவன் என்னைக் கொல்லுவான்."

"இறங்கின பிறகு கொல்லட்டும் அப்பா."

பிறகுதான் அவள் அதைச் சொன்னாள். என்னைப் பார்க்காமல், முன்னால் பார்த்துக்கொண்டு, கை குமிழின் மேல் இருக்க, தனக்குத்தானே சொல்வது போல.

"வெடிச்சாத்தான் கழரும். வெடிச்சாத்தான் கழரும்."

அது என்னுடைய வார்த்தை.

பெக்டரியில் ஐஸ் உறைவது நீளமான தகர அச்சுகளில். உறைந்த கட்டி அச்சை விட்டு வராது. இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே அச்சைச் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவோம். அந்தத் தண்ணீரின் சூடு பட்டதும் கட்டி உள்ளே சடார் என்று வெடிக்கும் பாருங்கள், புதிதாக வேலைக்கு வந்தவன் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து அச்சை மேலே தூக்கிவிடுவான். தூக்கினால் போச்சு. பாதி இளகினது மறுபடி இறுகி, முன்னதைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். நான் அவன் முதுகில் ஒன்று போட்டு, "தூக்காத. பொறு. வெடிச்சாத்தான் கழரும்" என்பேன். ஐம்பது வருடமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாடசாலை விட்டு வந்து ஐஸ் துண்டைச் சூப்பிக்கொண்டு ஒரு மூலையில் நின்ற சின்னப் பெண், அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. சூட்டுக் காற்று போகிறது. உள்ளே ஐஸ் உடைகிறது. உடைந்து உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்கித் துப்புகிறது. அதுதான் இருமல். பொறுக்க வேண்டும். பயந்துபோய் அச்சை வெளியே தூக்கிய புதுப்பையன் நான்தான். என் முதுகில் ஒன்று போடத்தான் அங்கே ஆளில்லை.

எத்தனை நொடி என்று தெரியாது. என் கை விரல்கள் தொடைக்குக் கீழே மரத்துப்போகும் அளவுக்கு நேரம். படகுத்துறை தெரிந்தது. அங்கே நின்ற ஆட்களின் குடை நிறம்கூடத் தெரிந்தது. எஞ்சின் ஒரு பெரிய இருமல் இருமியது. பிறகு இன்னொன்று. பிறகு, தொண்டையைச் செருமிக் காறித் துப்பிவிட்டுப் பாடத் தொடங்குகிறவன் போல, முழுக் குரலில் உறுமியது. தர்சினி மூக்கை மேலே தூக்கினாள். படகுத்துறைக்கு மேலாகத் தென்னை உயரத்தில் போனோம் என்று மண்டூரில் சொல்கிறார்கள். அவ்வளவு தாழப் பதிந்து போகவில்லை. ஆனால் என் அக்கா பாக்கியத்தைக் கண்டேன். நீலச் சேலை. முந்தானையை இரண்டு கையாலும் வீசிக்கொண்டிருந்தாள். நான் அவளை நேராகப் பார்த்தபடி, கை காட்டாமல், இராசா மாதிரி விறைத்துக்கொண்டு கடந்து போனேன்.

ஓடுபாதையில் இறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இழுத்தனே அப்பா. பெக்டரிக்கு மேல வேகத்தக் குறைக்க முதல் இழுத்தன் எண்டுதான் ஞாபகம்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா?"

இந்த இடத்தில்தான், கீழே இறங்கியதும் மறுத்தேன் என்று முதலில் சொன்னது வருகிறது.

"நான் வெளிய பாத்துக்கொண்டு இருந்தன் மகள்" என்றேன்.

வீட்டில் ஒரு கூட்டமே நின்றது. ஹனிபா என்னைக் கட்டிப்பிடித்தான். "மச்சான், மண்டூருக்குப் பிளேனைப் பதிச்சுக் கொண்டுபோய்ச் சலாம் போட்டியாமே. படச்சவனே, என்ன துணிவு."

"நான்தான் சொன்னன், பதிச்சு எடு மகள், சனம் பாக்கட்டும் எண்டு" என்றது என் வாய். கையைத் தொடைக்குக் கீழே வைக்கலாம். வாயை எங்கே வைப்பது?

தர்சினி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பின்னேரம் அக்கா போன் எடுத்து அழுதாள். "பிளேன்ல ஏறின உடனே ஒனக்கு அக்கா தெரியல்ல. ஒரு கை தூக்க மனசு வரல்லயாடா தம்பி?"

மறுநாள் காலை தர்சினி பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பறக்கும் பை இல்லை. பஸ்ஸுக்கு.

"பெரிய சேரோட கதைச்சன்" என்றாள். "சூட்டுக் குமிழ இழுக்க மறந்திட்டன் எண்டு சொன்னன். வேற ஆள அனுப்பிப் பிளேன எடுப்பாங்க. நான் பஸ்ல போறன்."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்ல அப்பா. மறந்தது பெரிசில்ல. மறந்ததே தெரியாம, இழுத்தன் எண்டு நினைச்சிக்கிட்டு இருந்தன் பாருங்க, அதுதான். என்ர ஞாபகத்தையே நம்பேலா எண்டா நான் என்னத்துக்கு இந்த வேலைக்கு?"

கமலம் பீங்கானோடு நின்றாள். ஹனிபா ஐஸ் எடுக்க வந்தவன் வாசலில் நின்றான். நான் எழும்பி முற்றத்துக்குப் போனேன். கிணற்றடிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மூடினேன். மூடிய கையைப் பார்த்தேன். திரும்பி வந்தேன்.

"நீ இழுத்தாய்" என்றேன்.

"என்ன?"

"பெக்டரிக்கு மேல நீ இழுத்தாய். நான் கண்டன். நான்தான் உள்ள தள்ளினன்."

"அது பிறகு, எஞ்சின் இருமக்குள்ள."

"அதுவும் நான்தான். அதுக்கு முதலும் நான்தான். ரெண்டு தரம்."

ஹனிபாதான் முதலில் வாயைத் திறந்தான். "நீயா, மச்சான்?" என்றான் மெதுவாக. கமலம் பீங்கானை மேசையில் வைத்தாள்.

"இடியப்பம்" என்றாள்.

தர்சினி பையை இறக்கி வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண் நிறைந்து வந்தது. "அப்ப நான் மறக்கல்ல" என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். பிறகு போனை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"அவருக்குச் சொல்லுங்க."

பெரிய சேர் சிங்களவர். என் சிங்களம் மீன் லொறிக்காரர்களிடம் படித்தது. அதில் மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்றும் இல்லை. சுறா, பாரை, கெட்டது, கெடாதது, இவ்வளவுதான் உண்டு. இருந்தாலும் சொன்னேன். மகள் இழுத்தது சரி, நான் தள்ளியது பிழை, ஒன்றல்ல இரண்டு தடவை, மகள் நல்லது, நான்தான் கெட்டது. நெற்றி வேர்த்துக் கழுத்து வழியாக ஓடியது.

கடைசியில் அவர் ஒரு கேள்விதான் கேட்டார். ஐயா என்ன தொழில் செய்கிறீர்கள் என்று.

"ஐஸ் பெக்டரி" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மேசையில் போன் நகர்ந்தது. பிறகு குரலை இறுக்கிக்கொண்டு தர்சினியோடு ஆங்கிலத்தில் பேசினார். எஞ்சின்காரர் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, மறுநாள் அவளே பிளேனைக் கொண்டு போனாள். போவதற்கு முன் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். இரண்டு தடவை என்றும் எழுதினாள்.

அந்தப் பள்ளியில் இப்போது, பக்கத்தில் ஆள் ஏற்றுவதற்கு முன்பு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக் காட்டச் சொல்கிறார்களாம். ஏன் என்று கேட்டால் கிழக்கே ஒரு ஐஸ்காரரின் கதையைச் சொல்வார்களாம். பெயர் சொல்வதில்லை. ஹனிபா சொல்கிறான், பெயரோடு, காத்தான்குடிச் சந்தையில், வாரம் ஒரு தடவை. வீட்டில் அடுப்பில் ஏதும் ஏறினால் கமலம் என்னைப் பார்த்து, "கை எங்க?" என்று கேட்கிறாள். பெக்டரியில் கட்டி வெடிக்கும்போது தொழிலாளர்கள் எல்லாரும் ஒன்றாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். அக்கா மட்டும் இன்னும் நம்பவில்லை. கை காட்டாததற்கு நான் பின்னிய பொய் என்று சொல்கிறாள்.

தர்சினி இப்போது பன்னிரண்டு பேர் ஏறும் பிளேன் ஒன்றை ஓட்டுகிறாள். போன மாதம் அவள் ஓட்டிய பிளேனிலேயே கொழும்புக்குப் போனேன். என்னைக் கடைசி வரிசையில் இருத்தியிருந்தார்கள். ஏன் கடைசி வரிசை என்று நான் கேட்கவில்லை. கதவு மூடியதும் அவள் முன்னாலிருந்து திரும்பினாள். ஆட்களுக்கு வணக்கம் சொல்லி, பட்டியைச் சரிபார்க்கச் சொன்னாள். பிறகு எல்லாத் தலைகளுக்கும் மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். அதற்குள்ளேயே இரண்டு கையையும் வைத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த இளைஞர் என்னைக் கவலையோடு பார்த்தார்.

"என்ன ஐயா, குளிருதா?"

ஐம்பது வருடம் ஐஸ் அறைக்குள் பெனியனோடு நின்றவன் நான்.

"ஓம் தம்பி" என்றேன். "கொஞ்சம்."